அலுமாரிக் கதவுக்கு ஒரு கொழுக்கி

கட்டட ஒப்பந்தகாரர் ஒருவரிடம் பத்து வருடம் படம் வரைபவனாக வேலை செய்தேன். வீட்டு வரைபடத்தில் ஒரு கதவைக் காட்ட ஒரு கோடும் ஒரு கால்வட்டமும் போதும். கோடு கதவு, கால்வட்டம் அது திறக்கும் வழி. அப்படி எத்தனையோ நூறு கதவுகள் வரைந்திருக்கிறேன். ஆனால் தொண்ணூறாம் ஆண்டு வரைக்கும் என் கையால் ஒரு கதவைத்தன்னும் நிலையில் பொருத்திப் பூட்டியதில்லை.

அந்த வருடம் ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. எங்கள் வீடு கீரிமலைக்குக் கிட்ட. ஷெல் விழும் சத்தம் நாளுக்கு நாள் நெருங்கி வந்தது. வீட்டில் நாங்கள் மூன்று பேர். நான், கர்ப்பமாயிருந்த என் மனைவி, அவளுடைய தமக்கை. தமக்கையை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். முப்பத்தாறு வயது, கல்யாணம் செய்யவில்லை. தாய் தகப்பன் போனபிறகு எங்களோடு வந்து இருந்தார். தையல்தான் அவருடைய தொழில். கையால் சுற்றும் மெசின் ஒன்று வைத்திருந்தார். கீரிமலைப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணின் சட்டை தைப்பதென்றால் அவரைத்தான் தேடி வருவார்கள்.

ஊரை விட்டுப் போனவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்தார்கள். ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பம், ஏழு குடும்பம். வயிற்றோடிருக்கும் மனைவியை அங்கே கொண்டுபோய்க் கிடத்த எனக்கு மனம் வரவில்லை. அவளுடைய சித்தப்பாவிடம் ஒரு உழவு மெசின், அதாவது டிராக்டர், இருந்தது. டீசல் இல்லாமல் வயல் வேலை நின்றுபோனதால் அதன் பின்னால் கொழுவி இழுக்கும் சில்லுப் பெட்டி சும்மா கிடந்தது. அந்தப் பெட்டியின் மேல் ஒரு அறை கட்டினால் என்ன என்று எனக்குத் தோன்றியது. முதலில் வரைந்தேன். அளவெல்லாம் போட்டு, மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒரு தோற்றம். பிறகு பனஞ்சிலாகையால் சட்டம் அடித்தேன். தேயிலைப் பெட்டிப் பலகைகளைச் சுவராக்கினேன். மேலே தகரம். பின்பக்கம் வாசல். அதற்கு என் மனைவியின் சீதன அலுமாரியின் இரண்டு கதவுகளையும் கழற்றிப் பூட்டினேன். கதவைச் சட்டத்தோடு பிணைக்க அலுமாரியின் சின்னப் பிணைச்சல்களையே பாவித்தேன். நல்ல தேக்கு, மினுக்கம் போகாதது. பத்து நாளில் வேலை முடிந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். எனக்குத் தலை கால் தெரியவில்லை.

திறந்தால் அந்தக் கதவுகள் காது மாதிரி வெளியே பிரிந்து நிற்கும். அலுமாரிப் பிணைச்சல் அதற்கு மேல் மடங்காது. ஆகவே காற்றில் அடிபடாமல் இருக்க, வீட்டு யன்னல் இரண்டிலிருந்து நீட்டுக் கொழுக்கிகளைக் கழற்றி வந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பூட்டினேன். கொழுக்கியின் ஒரு முனை சுவர்ச் சட்டத்தில், வளைந்த முனை கதவிலுள்ள வளையத்தில். இதைக்கூட நான் யோசித்துச் செய்யவில்லை. மச்சாள் சொன்னபிறகுதான் செய்தேன்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில் வெளிக்கிட்டோம். சித்தப்பாவின் ஆள் ஒருவர் மண்ணெண்ணெயில் உழவு மெசினை ஓட்டி வந்தார். புத்தூருக்குக் கிட்ட ஒரு வெறுங்காணியில் எங்களைக் கொண்டுவந்து விட்டார். அங்கே ஏற்கனவே ஏழெட்டுக் குடும்பங்கள் கிடுகாலும் படங்குத் துணியாலும் கொட்டில் போட்டு இருந்தன. ஒரு கிணறு, பத்துப் பதினைந்து பனை, மிச்சமெல்லாம் செம்மண் வெளி. பெட்டியை எந்தப் பக்கம் பார்க்க விடுவது என்று அந்த ஆள் கேட்டார்.

"தெருவைப் பாத்தபடி விடுங்கோ," என்றேன்.

"அண்ணை, உது சோளகத்துக்கு நேர் வாசலாப் போகும். புரட்டாதி மட்டும் காத்து ஓயாது. மற்றப் பக்கம் திருப்பி விடட்டே?"

"தெருவுக்குப் புறம் காட்டிக்கொண்டிருந்தால் வடிவில்லை. நான் சொன்னபடி விடுங்கோ."

அவர் நான் சொன்னபடி விட்டு, சில்லுகளுக்குக் கல் வைத்து, உழவு மெசினைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு பெட்டியைத் திருப்புவதென்றால் பத்துப் பேர் வேண்டும். தெருவால் போகிறவர்கள் என் தேக்குக் கதவைப் பார்க்க வேண்டும் என்பதுதான் உண்மையான காரணம். அதை அப்போது நான் எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை.

சோளகம் என்றால் சும்மா காற்றல்ல. விடிய எட்டு மணிக்குத் தொடங்கினால் பொழுதுபடும் மட்டும் ஒரே இழுவையாக அடிக்கும். செம்மண் புழுதி சோற்றிலும் விழும், கண்ணிலும் விழும். கதவுகள் கொழுக்கியில் நின்று நடுங்கும். ஆனால் நின்றன. வாசலில்தான் வெளிச்சம் என்பதால் மச்சாள் பெட்டியின் விளிம்பிலே, இரண்டு கதவுக்கும் நடுவில், மெசினை வைத்துக்கொண்டு தைத்தார். காணியிலிருந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை, அயலில் உள்ளவர்களுக்கு இரவிக்கை. தைக்கக் கொடுத்தவர்கள் அரிசி தந்தார்கள், கத்தரிக்காய் தந்தார்கள், ஒருத்தி ஒவ்வொரு நாளும் என் மனைவிக்கென்று ஒரு கோப்பை பால் கொண்டுவந்தாள். எனக்கு வேலை இல்லை. அந்த ஒன்றரை மாதமும் எங்களுக்குச் சோறு போட்டது மச்சாளின் கைதான்.

ஆவணியில் எனக்கு ஒரு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. இடம்பெயர்ந்தவர்களுக்குக் கழிவறை கட்டிக்கொடுக்கும் தொண்டு நிறுவனம் ஒன்று படம் வரையத் தெரிந்த ஒருவரைத் தேடியது. மச்சாள் எனக்கு ஒரு வெள்ளைச் சேர்ட் தைத்துத் தந்தார். அடுத்த காணியில் கரி அயன் பெட்டி வாங்கி அயன் பண்ணியும் தந்தார். அதைக் கசங்காமல் தொங்கவிட இடம் தேடினேன். உள்ளே ஆணி அடித்தால் தேயிலைப் பெட்டிப் பலகை வெடித்துவிடும். சட்டத்தில் ஏதாவது பூட்டித்தான் தொங்கவிட வேண்டும். என் கண் கதவுக் கொழுக்கியில் போனது. வெளியே நின்று பார்க்க இடக்கைப் பக்கத்திலிருந்த கொழுக்கியைக் கழற்றி, கூரைச் சிலாகையில் பூட்டி, சேர்ட்டைத் தொங்கவிட்டேன். கதவை ஒரு தும்புக் கயிற்றுத் துண்டால் சட்டத்தோடு கட்டிவிட்டேன்.

அன்றைக்கே மச்சாள் அதைக் கண்டுவிட்டார்.

"தம்பி, உந்தக் கயிறு நிண்டு பிடியாது. கொழுக்கியைத் திருப்பிப் போட்டுவிடுங்கோவன்."

"ஓம் மச்சாள். நாளைக்குப் போடுறன்."

நேர்முகம் நல்லாய்த்தான் போனது. ஆனால் முடிவு பிறகு சொல்வதாகச் சொன்னார்கள். திரும்பவும் கூப்பிட்டால் சேர்ட் தேவைப்படும் என்று கொழுக்கியை அப்படியே விட்டேன். இரண்டு நாள் கழித்து மச்சாள் மறுபடி கேட்டார். கயிறு தும்பு பிரிந்து மெலிந்துபோனதைக் காட்டினார். "நாளைக்கு" என்றேன். அடுத்த நாள் விடிய மூன்றாம் தரமும் கேட்டார். நான் கொஞ்சம் கோபமாக, "ஒரு கயிறு கட்டத் தெரியாதே உங்களுக்கு?" என்றேன். அவர் தானே அந்தக் கயிற்றுக்கு இன்னொரு முடிச்சுப் போட்டார்.

அன்று மத்தியானம் நான் பனைக்குக் கீழே நின்று, புதிதாக வந்த ஒரு குடும்பத்துத் தகப்பனுக்கு இந்தப் பெட்டி வீட்டை எப்படிக் கட்டினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். நிலத்தில் ஈர்க்கால் கீறியும் காட்டினேன். மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். மச்சாள் தைத்து முடித்த சட்டையொன்றை எடுத்துக்கொண்டு பெட்டியிலிருந்து இறங்க வெளிக்கிட்டிருக்கிறார். இறங்க ஒரு சின்ன ஏணி வைத்திருந்தேன். வெளியே பார்த்தபடி அதில் கால் வைக்கும்போது வலக்கையால் வாசல் சட்டத்தைப் பிடிக்காமல் இறங்க முடியாது. அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு உந்து உந்தியது. கயிறு அறுந்தது. தேக்குக் கதவு முழுப் பலத்தோடு வந்து சட்டத்தில் அறைந்தது.

சத்தம் கேட்டுத் திரும்பினேன். மச்சாள் கதவோடு ஒட்டினமாதிரி நின்றார். நான் ஓடிப்போய்க் கதவை இழுத்தபோதுதான் கையைக் கண்டேன். சுட்டுவிரலும் நடுவிரலும் நசிந்து, நுனி தொங்கியது. இடக்கையில் இருந்த பள்ளிக்கூடச் சட்டையை அவர் அந்த விரல்களில் சுற்றினார். வெள்ளைத் துணி உடனே நனைந்தது.

மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். கொட்டில்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். "என்ன நடந்தது? என்ன நடந்தது?" என்றாள் மனைவி.

யாரும் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்ல நேரமும் இல்லை. ஆனால் என் வாய் முந்திக்கொண்டது.

"மச்சாள் கதவைக் கொழுவாமல் விட்டிட்டா. காத்து அடிச்சுச் சாத்திப்போட்டுது."

அத்தனை பேருக்கும் முன்னால் சொன்னேன். மச்சாள் என்னை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்ததா என்று பல தரம் யோசித்திருக்கிறேன். கோபம் இல்லை. நான் சொன்னது சரியாகக் கேட்டதா என்று பார்ப்பவரைப் போலத்தான் பார்த்தார்.

மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிள் ஒன்றை ஒருவர் கொண்டுவந்தார். மச்சாளை நடுவில் இருத்தி, பின்னால் இன்னொரு பெண் ஏறிப் பிடித்துக்கொண்டாள். மனைவி அயலவன் ஒருவனின் சைக்கிளில் பின்னால் போனாள். நானும் போயிருக்கலாம். "சாமானெல்லாம் திறந்து கிடக்குது, நான் நிக்கிறன்" என்றேன். அவர்கள் போக, ஆட்களும் ஒவ்வொருவராகத் தங்கள் கொட்டிலுக்குத் திரும்ப, நான் பெட்டிக்குள் ஏறினேன். சேர்ட்டைக் கழற்றி மடித்து வைத்தேன். கூரைச் சிலாகையிலிருந்து கொழுக்கியைக் கழற்றினேன். பழைய இடத்தில் திருகாணியை வைத்து இறுக்கினேன். கதவைத் திறந்து கொழுவிப் பார்த்தேன். அசையவில்லை. அறுந்த கயிற்றை எடுத்து அடுப்புக்குள் போட்டேன்.

இதைப் பயத்தில் செய்தேன் என்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். பயத்தில் ஒருவன் பொய் சொல்லலாம். ஆனால் நான் திருகாணியை நிதானமாக, தலை தேயாமல், எட்டுச் சுற்றுச் சுற்றினேன். இரத்தம் பட்ட சட்டத்தைத் துணியால் துடைத்த பிறகுதான் அதையும் செய்தேன்.

பின்னேரம் அவர்கள் திரும்பி வந்தார்கள். சுட்டுவிரலின் நுனிக் கணுவை வெட்டி எடுத்துவிட்டார்கள். நடுவிரலைத் தைத்திருந்தார்கள். அது இனி மடங்குமோ தெரியாது என்று டொக்டர் சொன்னாராம். மச்சாள் மோட்டார் சைக்கிளால் இறங்கியதும் கதவைப் பார்த்தார். இடக்கைப் பக்கத்துக் கதவு கொழுக்கியில் ஆடாமல் நின்றது. பார்த்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மனைவியும் கதவைப் பார்த்தாள். அவளுக்கு அந்தக் கொழுக்கி கழற்றப்பட்டிருந்ததே தெரியாது. பகலில் மற்றக் கொட்டில்களில் பெண்களோடு இருந்துவிட்டு, பொழுதுபடக் கதவு சாத்திய பிறகுதான் அவள் உள்ளே வருவது. அவள் தமக்கைக்குப் பக்கத்தில் இருந்து, அழுதுகொண்டே ஏசினாள்.

"கொழுக்கி இருக்கத்தக்கதா ஏனக்கா கொழுவாமல் விட்டனீங்கள்? இந்தக் காத்துக்கை ஆரும் அப்பிடி விடுவினமே?"

நான் வாசலில் நின்றேன். மச்சாள் சுவர்ப்பக்கம் பார்த்தபடி, "மறந்துபோனன்," என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் சொன்னபோது நான் உள்ளே போய், இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு அடி தூரம். நான் கிணற்றடிக்குப் போனேன், தண்ணீர் அள்ள.

தொண்டு நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. மழை தொடங்குமுன் புத்தூரிலேயே ஒரு வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். பெட்டியைச் சித்தப்பா திருப்பி எடுத்துக்கொண்டார். மார்கழியில் மகள் பிறந்தாள். மச்சாள் இடக்கையால் பிள்ளையைக் குளிப்பாட்டக் கற்றுக்கொண்டார், ஆனால் தையல் போய்விட்டது. கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. பொத்தான் ஓட்டை தைக்க முடியவில்லை. தலையணை உறை மாதிரி நேர்த் தையல் மட்டும் மெதுவாகத் தைப்பார். கல்யாணச் சட்டை தைக்கச் சொல்லி வந்தவர்களிடம் கையைக் காட்டி அனுப்பினார். "என்ன நடந்தது?" என்று கேட்பவர்களுக்கு என் மனைவிதான் பதில் சொல்வாள். "அக்காவின்ரை கவனக்குறைவு தான்." நான் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். அடுத்த வருடம் மீசாலையில் தனியாயிருந்த ஒரு சின்னம்மாவைப் பார்க்க ஆள் வேண்டும் என்று செய்தி வந்தபோது, மச்சாள் தானாகவே கேட்டு அங்கே போய்விட்டார். அவர் போனது எனக்கு ஆறுதலாக இருந்தது. அதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

நாலு வருடம் போனது. தொண்ணூற்றைந்து மாசியில் சண்டை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. ஒருநாள் காலையில் மகள் கிளாஸ் ஒன்றைக் கைதவறிப் போட்டு உடைத்துவிட்டாள். மனைவி துண்டுகளைக் கூட்டிக்கொண்டே, "பெரியம்மா மாதிரிக் கவனமில்லாமல் திரியாதை. பிறகு கை விரலில்லாமல் தான் இருக்கவேணும்," என்றாள். மகள் தன் விரல்களைப் பார்த்தாள். பெரியம்மாவின் பெயர் அந்தப் பிள்ளைக்கு ஒரு பிழைக்கான உதாரணமாகப் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்று நான் வேலைக்குப் போகவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு மீசாலைக்குப் போனேன். புத்தூரிலிருந்து போகும் அந்தத் தெரு நீரேரிக்கு நடுவால் போகிறது. எதிர்க்காற்று. பாதித் தூரம் உருட்டிக்கொண்டுதான் நடந்தேன். இரண்டு தரம் நின்று, திரும்பிப் போவோமா என்றும் யோசித்தேன்.

மச்சாள் முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பயந்துபோனார்.

"என்ன தம்பி, பிள்ளைக்கு ஏதும் சுகமில்லையே?"

"இல்லை மச்சாள். எல்லாரும் சுகம். நான் உங்களோடை ஒரு கதை கதைக்க வந்தனான்."

தேத்தண்ணீர் போட்டுத் தந்தார். கோப்பையை இடக்கையால் நீட்டினார். நான் குடிக்கவில்லை. "அண்டைக்கு நான் தான் கொழுக்கியைத் திருப்பிப் பூட்டினனான். நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாப்பிறகு," என்றேன்.

"தெரியும்," என்றார். "வந்து இறங்கேக்கை முதல் கண்டது அதைத் தானே."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

அவர் நெல்லைக் காலால் துழாவிவிட்டுச் சொன்னார்: "சொல்லிப்போட்டு எங்கை போறது தம்பி? உங்கடை கூரைக்குக் கீழை தானே நான் இருந்தனான். தங்கச்சியும் வயித்தோடை. நான் ஒண்டு சொல்ல, நீங்கள் இல்லையெண்டு சொல்ல, அவள் நடுவிலை நிண்டு என்ன செய்வாள்?"

இந்தக் கணக்கு எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. மச்சாள் பெருந்தன்மையால் என்னைக் காப்பாற்றினார் என்றுதான் நாலு வருடமாக நினைத்து, அதிலே ஒரு சுகமும் கண்டிருந்தேன். அவர் போக்கிடமில்லாமல் வாயை மூடியிருந்தார். அந்தப் பெட்டியில் எங்கள் மூன்று பேருக்கும் சோறு போட்டவருக்கு, அதே பெட்டியில் உண்மை சொல்ல இடம் இல்லை.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ மச்சாள்."

"கை நொந்தது எப்பவோ ஆறிப்போச்சு. என்ரை தங்கச்சி என்னை அக்கறையில்லாதவள் எண்டு நினைக்கிறாள் பாருங்கோ, அது தான் ஆறேல்லை. என்னட்டை ஏன் சொல்லுறியள்? எனக்குத் தெரிஞ்ச கதை தானே. அவளிட்டைப் போய்ச் சொல்லுங்கோ."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. தேத்தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகும்படி மட்டும் சொன்னார். குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும், சைக்கிளை நிறுத்தியதோடு, மனைவியைக் கூப்பிட்டுச் சொன்னேன். எல்லாவற்றையும். தெருப்பக்கம் வாசல் வைத்ததிலிருந்து கயிற்றை அடுப்பில் போட்டது வரைக்கும். அவள் அரிவாளில் காய் வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டுவதை நிறுத்தவில்லை. நான் முடித்ததும் காய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள். கைகழுவினாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "நாலு வருசமா என்ரை வாயாலை அல்லோ அக்காவை ஏசுவிச்சனீங்கள்."

அவ்வளவுதான். அடுத்த நாள் விடிய மகளையும் கூட்டிக்கொண்டு மீசாலைக்கு பஸ் ஏறினாள். என்னை வரவேண்டாம் என்றாள். பதினொரு நாள் அங்கே நின்றாள். நான் தனியாகச் சமைத்தேன், தனியாகச் சாப்பிட்டேன். அங்கே இரண்டு பேரும் என்ன கதைத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் பின்னேரம் திரும்பி வந்தார்கள். மனைவி பையைக் கொண்டு உள்ளே போனாள். மகள் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பெரியம்மா தைத்துக் கொடுத்த சட்டை போட்டிருந்தாள், தையல் அங்கங்கே வளைந்திருந்தது.

"அப்பா, பெரியம்மாவின்ரை கையை நீங்களே நசிச்சனீங்கள்?"

உள்ளே மனைவி பையைத் திறக்கும் சத்தம் நின்றது. நான் மகளுக்கு முன்னால் குந்தி இருந்தேன்.

"ஓம்," என்றேன். "நான் தான்."

அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தாயிடம் போய்விட்டாள்.